முகம் பார்க்காத துக்கம்: ஒரு பாடகருக்காக ஊர் ஏன் அழுகிறது?

2020 செப்டம்பர் 25 பிற்பகலில் திரைப்படப் பின்னணிப் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் (எஸ்.பி.பி.) சென்னையில் காலமான செய்தி வந்தபோது தமிழ்நாட்டின் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் இருந்தது. ஊரடங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்த நேரம். திரையரங்குகள் திறக்கவில்லை, கூட்டம் கூடத் தடை. ஆகஸ்ட் 5 அன்று கொரோனா தொற்றோடு மருத்துவமனைக்குப் போனவர் 51 நாள் போராடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மறுநாள் திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்தில் அவருடைய பண்ணைத் தோட்டத்தில் காவல்துறை மரியாதையோடு அடக்கம் நடந்தது. அங்கே போக முடிந்தவர்கள் சிலர். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதவர்களோ கணக்கில் அடங்காதவர்கள். இவர்களில் பெரும்பாலோர் அவரை ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அந்தப் பெரும்பாலோருக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1995 வரை திருச்சி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையாக இருந்த பகுதி இது. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் ஒரு பக்கம், ஜெயங்கொண்டம் ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் காடு இன்னொரு பக்கம். திரைப்பாட்டு பிறந்த கூடங்கள் எல்லாம் சென்னையில். இந்த ஊர்களுக்குப் பாடகர் வந்து சேர்ந்தது குரலாக மட்டும்தான். அதனாலேயே ஒரு பழைய கேள்வி இங்கே கூர்மையாக எழுகிறது. பழகாத, பார்க்காத, தன் பெயரைக்கூட அறியாத ஒருவர் சாவுக்கு ஒருவர் அழும்போது அங்கே நடப்பது என்ன? அது துக்கமா, துக்கத்தின் சாயலா, கூட்டத்தோடு சேர்ந்த சடங்கா? இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் பல. அவற்றில் முக்கியமானவற்றையும் அவை தடுமாறும் இடங்களையும் இங்கே பார்க்கலாம்.

உணர்ச்சி ஒத்தால் போதும் என்ற மரபு

தமிழில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதில், பார்க்காமலும் நட்பு உண்டு, அந்த நட்புக்காக உயிரையும் விடலாம் என்பது. உறையூரில் இருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் நேரில் சந்தித்ததில்லை. பெற்ற பிள்ளைகளோடு பகை மூண்டு சோழன் வடக்கிருந்து உண்ணாமல் உயிர் விடத் துணிந்தபோது, பிசிராந்தையார் கட்டாயம் வருவார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்று சொன்னதையும், சொன்னபடியே அவர் வந்து உயிர் விட்டதையும் புறநானூற்றுப் பாடல்கள் சில பேசுகின்றன. நட்புக்குப் பழக்கம் வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்ற குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இந்த இருவரையே சான்று காட்டினார். இறந்தவரை நினைத்து எஞ்சியவர் புலம்புவதைக் கையறுநிலை என்று தொல்காப்பியம் தனித் துறையாகவே வகுத்தது.

இந்த மரபு ரசிகரின் துக்கத்துக்குப் பெருமை தருகிறது, அது போலி என்ற சந்தேகத்தை முதலிலேயே விலக்குகிறது. ஆனால் இரண்டு இடங்களில் பொருந்தாமல் நிற்கிறது. பிசிராந்தையார் வருவார் என்று சோழனுக்குத் தெரிந்திருந்தது. அதாவது அந்த உறவு இருவழிப் பாதை. இந்தப் பகுதியின் குன்னத்திலோ செந்துறையிலோ வானொலி கேட்டுக்கொண்டிருந்தவரைப் பாடகர் அறிய வழியே இல்லை. இரண்டாவது, புறநானூற்றுக் கையறுநிலைகளில் நமக்குப் பெரிதும் கேட்பது பாடுபவர் புரவலனுக்காக அழும் குரல். பாரிக்காகக் கபிலர், அதியமானுக்காக அவ்வையார். இன்றைக்கு அந்த வரிசை தலைகீழாகியிருக்கிறது. டிக்கெட் வாங்கியும் கேசட் வாங்கியும் பாடகரை வாழவைத்த எளிய கேட்பவரே இப்போது புரவலர், அவர்தான் பாடகருக்காக அழுகிறார். பழைய இலக்கணத்துக்குள் இந்த மாற்றத்தை அப்படியே அடைத்துவிட முடியாது.

ஒருதலை உறவு என்ற வாதம்

இருபதாம் நூற்றாண்டு உளவியல் சொன்ன பதில் இதற்கு நேர் எதிரானது. 1956-இல் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுபவரோடு நேயருக்கு உண்டாகும் நெருக்கத்தை ஆராய்ந்தார்கள். நேருக்கு நேர் பழகுவது போன்ற ஒரு தோற்றம், ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் நடக்கும் உறவு என்பது அவர்கள் முடிவு. பிரபலங்கள் மரணத்தில் எழும் அழுகையை விளக்கப் பின்னால் வந்தவர்கள் இதையே எடுத்துக்கொண்டார்கள். 1980-களின் கடைசியில் கென்னத் டோக்கா இன்னொரு கோணத்தைச் சேர்த்தார். சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்று ஒன்று உண்டு, அழ உனக்கு என்ன உரிமை என்று கேட்கப்படுபவர் தன் துக்கத்தை மறைத்துக்கொள்ள நேர்கிறது என்றார். பங்காளியும் சம்பந்தியும் யார் எப்போது எங்கே உட்கார்ந்து அழ வேண்டும் என்றுகூட முறை வகுத்திருக்கும் நம் ஊர்களில் இந்தக் கருத்துக்குக் கனம் அதிகம். பாடகர் செத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பவரைக் கேலி பேசுவது எளிது. அவருக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டார்கள்.

முதல் கருத்தின் குறை வேறு. ஹார்ட்டனும் வோலும் கண்முன் வைத்திருந்தது நேயரை நோக்கிப் பேசும் நிகழ்ச்சித் தொகுப்பாளரை. பின்னணிப் பாடகரோ பார்வைக்கு எட்டாதவர். எஸ்.பி.பி.யின் குரல் எம்.ஜி.ஆரின் உதட்டில் வந்தது, கமலின் உதட்டில் வந்தது, ரஜினியின் உதட்டில் வந்தது, மோகனின் உதட்டில் வந்தது. இத்தனை முகங்களில் யாரோடு அந்த ஒருதலை உறவு? 2018-இல் அரீதா பிராங்க்ளின் இறந்தபோது டெட்ராய்ட் மக்கள் வரிசையில் நின்று பார்த்த முகமும், அவர்கள் காலமெல்லாம் கேட்ட குரலும் ஒரே ஆளுடையவை. தேவாலயத்தில் பாடத் தொடங்கி அந்த நகரத்தின் கறுப்பின மக்களோடு வளர்ந்தவர் அவர். மேற்கத்திய சோல், பாப் பாடகர்களை வைத்து உருவான கோட்பாடு தமிழ்த் திரைப்பாட்டுக்கு வரும்போது கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது.

கூட்டமே அழவைக்கிறது

சமூகவியலாளர்களில் பலர் தனிமனித மனத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்கள். எமில் துர்க்கைம் 1912-இல் வெளியிட்ட நூலில், துக்கம் காப்பது உள்ளிருந்து தானாகப் பீறிடுவது என்பதைவிடக் குழு தன் உறுப்பினர் மீது சுமத்தும் கடமை என்றே கொண்டார். தமிழகத்தில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 1969 பிப்ரவரியில் அண்ணாவும் 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆரும் மறைந்தபோது திரண்ட கூட்டங்களே போதும். எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ்.பாண்டியனின் 1992 நூலும், மதுரையில் உழைக்கும் மக்களின் சினிமா ஈடுபாட்டைப் பற்றி சாரா டிக்கி எழுதிய 1993 நூலும் ரசிகர் பற்றை அரசியலோடும் வர்க்கத்தோடும் சேர்த்துப் படிக்கக் கற்றுத் தந்தன.

பாடகர் விஷயத்தில் இந்த விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பாடகருக்குக் கொடி இல்லை, வட்டச் செயலாளர் இல்லை, தேர்தல் இல்லை. டி.எம்.சௌந்தரராஜன் 2013 மே மாதத்திலும் மலேசியா வாசுதேவன் 2011 பிப்ரவரியிலும் மறைந்தபோது கடையை மூடச் சொல்லி யாரும் மிரட்டவில்லை. 2020-இல் கூடுவதற்கே வழியில்லை. ஆகஸ்ட் 20 அன்று மாலை 6 மணிக்கு அவரவர் இருந்த இடத்திலேயே எஸ்.பி.பி. பாடல்களை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திக்கும்படி இளையராஜா, பாரதிராஜா உள்ளிட்ட திரையுலகத்தினர் கேட்டுக்கொண்டார்கள். இதைக் கூட்டம் என்பதா, தனிமை என்பதா? ஒரே நேரத்தில் ஒரே குரலைத் தனித்தனி வீடுகளில் கேட்டவர்களைத் துர்க்கைமின் சடங்குக் கூட்டம் என்று சொன்னால் அந்தச் சொல்லே நீர்த்துப்போகும்.

அழுவது தனக்காகவே

ஒப்பாரியைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வரும் பதில் எனக்கு இவற்றைவிட ஆழமாகப் படுகிறது. எழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும் பெண்கள் செத்தவரை மட்டும் பாடுவதில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிறந்த வீடு கைவிட்டது, அண்ணன் சீர் செய்யாதது, தாலியறுத்தது, பிள்ளை பார்க்காதது எல்லாம் அந்தப் பாட்டில் வந்து சேரும். பழைய தென்னார்க்காடு வட்டாரத்தில் கள ஆய்வு செய்த இசபெல் கிளார்க்-டெசே, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருள்படத் தன் 2005 நூலுக்குத் தலைப்பு வைத்தார். அவர் ஆராய்ந்த நிலப்பகுதிக்கு அடுத்ததுதான் அரியலூர், பெரம்பலூர். இங்கேயும் ஒப்பாரியின் இயல்பு பெரிதாக மாறுபட்டிருக்கக் காரணம் தெரியவில்லை.

இதை 2020-க்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், கோயம்பேடு சந்தையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களிடம் தொற்று கண்டறியப்பட்டபோது, மாநிலத்தில் திடீரென எண்ணிக்கை ஏறிய மாவட்டங்களில் அரியலூரும் பெரம்பலூரும் இருந்தன. வெளியூருக்கு மூட்டை தூக்கப் போனவர்களின் பெயரோடு நோய் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு வந்த மாதங்களில் தொற்றால் செத்தவர் உடல் வீட்டுக்கு வரவில்லை. பந்தல் இல்லை, தாரை தப்பட்டை இல்லை, பால் தெளிப்புக்கும் கருமாதிக்கும் உறவுக்காரர்கள் வர முடியவில்லை. அழாமல் தேங்கிய துக்கம் பல வீடுகளில் இருந்திருக்கும். எல்லாரும் சேர்ந்து, வெளிப்படையாக, யாரும் தடுக்க முடியாதபடி அழக் கிடைத்த ஒரு சாவாக அந்தச் செப்டம்பர் வெள்ளிக்கிழமை அமைந்திருக்கலாம். இதை நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டை நினைவு வைத்திருப்பவர்கள் இதை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஊர்ச் சாவுக்குப் பறையடிக்கவும் குழி வெட்டவும் தலித் மக்களைக் கட்டாயப்படுத்திய முறை இந்தப் பகுதி உட்படத் தமிழகமெங்கும் நீண்ட காலம் இருந்தது. அதை எதிர்த்துப் போராடியவர்களும் உண்டு. தெரு பார்த்து நடந்த துக்கம் அது. பாடகர் சாவில் யாருக்கும் தொழில் ஒதுக்கப்படவில்லை, யாரும் தள்ளி நிற்கவும் வேண்டியதில்லை. இது சாதியைக் கடந்த துக்கம் என்று உடனே முழங்கிவிடக் கூடாது. ஒரே பாட்டைக் கேட்டாலும் கேட்ட தெருக்கள் தனித்தனிதான். முறைவைப்பு இல்லாத ஒரு சாவு என்ற அளவில் மட்டும் அதைத் தனித்துக் குறிப்பிடலாம்.

தனக்காக அழுவது என்ற விளக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஏன் இந்தப் பாடகர்? 2020-இல் பிரபலமானவர்கள் பலர் செத்தார்கள். தேங்கிய துக்கம் வடிவதற்கு இந்தக் குரல் ஏன் வேண்டியிருந்தது?

குரல் தங்கிய இடங்கள்

இதற்குப் பதில் தேடினால், மனத்தை விட்டுவிட்டுக் குரல் வந்த வழியைப் பார்க்க வேண்டும். பின்னணிப் பாட்டைப் பற்றி 2021-இல் விரிவான நூல் எழுதிய அமெண்டா வீட்மன், தென்னிந்திய சினிமா உடலையும் குரலையும் பிரித்ததால் உண்டான விளைவுகளை ஆராய்கிறார். அவர் கவனம் பெரும்பாலும் சென்னையில் இருந்த பாடகர்கள் மீதும், பாடகியருக்கு விதிக்கப்பட்ட மரியாதை வரம்புகள் மீதும். கேட்ட ஊர்களின் கதை அதற்குத் துணையாக எழுதப்பட வேண்டியது.

திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. எஸ்.பி.பி. முதன்முதலில் ஒலிவாங்கி முன் நின்றது 1966-இல், ஒரு தெலுங்குப் படத்துக்காக. 1969-இல் 'அடிமைப் பெண்', 'சாந்தி நிலையம்' படங்கள் வழியாகத் தமிழ் ஊர்களுக்கு வந்தார். அப்போது திருச்சியும் இலங்கை வானொலியும்தான் இந்தப் பகுதியின் காது. நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன்னால் கேட்டவர் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். பாடகருக்குத் தன் பெயர் தெரியாது என்றாலும், அவர் பாட்டுக்கு முன்னால் தன் ஊர்ப் பெயர் காற்றில் ஒலித்ததைக் கேட்டவர்கள் இவர்கள். ஒருதலை உறவு என்ற வாதத்துக்கு இது ஒரு சிறு மறுப்பு.

அடுத்தது கேசட். வளைகுடாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னும், பேருந்து நிலையத்தைச் சுற்றி முளைத்த ரெக்கார்டிங் சென்டர்களும் எண்பதுகளின் சிறுநகரக் காட்சி. வாடிக்கையாளர் ஒரு காகிதத்தில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போவார். அறுபது நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறோ ஏழோ. எந்தப் பாட்டுக்குப் பின் எது, ஏ பக்கம் காதல், பி பக்கம் சோகம் என்று அவரே முடிவு செய்வார். பட்டியல் சரியாக அடங்காவிட்டால் கடைக்காரர் மிச்ச நாடாவில் தன் விருப்பத்துக்கு ஒரு பாட்டின் பல்லவியைப் போட்டு நிரப்புவார். அது பாதியில் அறுந்து நிற்கும். அந்தக் கேசட்டைத் தேய்த்தவருக்கு அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் அதே இடத்தில் மனம் தயங்கும். தயாரித்தவர் கைக்கு எட்டாத இந்த வரிசையில் கேட்பவர் தன் வாழ்க்கையை அடுக்கிவைத்தார் என்றால் மிகையில்லை.

மூன்றாவது, மேடை. சிறுவாச்சூரிலோ கல்லங்குறிச்சியிலோ வேறெந்த ஊரிலோ, திருவிழா என்றால் ஓர் இரவு பாட்டுக் கச்சேரிக்கு உரியது. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் 'டி.எம்.எஸ். வாய்ஸ்', ஒருவர் 'எஸ்.பி.பி. வாய்ஸ்', ஒருவர் 'ஜேசுதாஸ் வாய்ஸ்'. அந்த எஸ்.பி.பி. வாய்ஸ் பகலில் தையல்காரராகவோ மின்வாரிய ஊழியராகவோ இருக்கலாம். மூச்சை எங்கே ஒளித்து எடுக்க வேண்டும், சிரிப்பைச் சொல்லுக்கு நடுவில் எப்படிக் கலக்க வேண்டும் என்பதைக் கேட்டுக் கேட்டே கற்றவர். ஊர்க்காரர்கள் கைதட்டியது அவர் முகத்தைப் பார்த்து. எஸ்.பி.பி. இறந்தபோது இவர்களுடைய துக்கம் ரசிகர் துக்கமா, சீடர் துக்கமா, பிழைப்பு போன துக்கமா என்று பிரிப்பது கடினம். திருவிழாக்கள் நின்றுபோன ஆண்டு என்பதால் அஞ்சலி செலுத்தக்கூட அவர்களுக்கு மேடை கிடைக்கவில்லை. பிரபலங்களின் மரணத்தைப் பற்றிய ஆய்வுகளில் இந்த நடு ஆளுக்கு இடமே இல்லை என்பது பெருங்குறை. முகம் பார்க்காத குரலுக்கு அந்தந்த ஊரில் முகம் கொடுத்தவர் அவர்தான்.

சினிமாவும் இந்தத் துக்கத்தை முன்கூட்டியே பழக்கியிருந்தது. 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் பாடகனாக வரும் மோகன் புற்றுநோயில் சாகிறார். குரல் எஸ்.பி.பி.யுடையது. 'சங்கராபரணம்' படத்தின் சாஸ்திரிகள் மேடையிலேயே உயிர் விடுகிறார், அந்தக் குரலும் அவருடையதே, அதற்காக முதல் தேசிய விருதும் பெற்றார். பாடுகிறவன் செத்தால் எப்படி அழ வேண்டும் என்பதை அந்தக் குரலைக் கொண்டே கொட்டகையில் ஒரு தலைமுறை கற்றிருந்தது. நான்கு பத்தாண்டுகள் கழித்து அது நிஜமானபோது பழகிய வழியிலேயே கண்ணீர் இறங்கியது என்று கருத இடம் இருக்கிறது.

என் மதிப்பீட்டில், வானொலியும் கேசட்டும் மேடையும் சேர்ந்த இந்தப் பாதைதான் மற்ற விளக்கங்கள் விட்ட இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. கல்யாண வீட்டு மைக் செட்டிலும், அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் ஓடும் பேருந்திலும், இரவுச் சுண்ணாம்புக்கல் லாரியிலும் கூட இருந்த குரல் அது. அது போனதும் அந்தந்த நேரத்துச் சாட்சி போய்விட்டதாகக் கேட்டவருக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு. கேசட் கடைக்குப் போனவர்களும் கச்சேரி மேடை ஏறியவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அடுப்படியில் வானொலி கேட்ட பெண்களின் நினைவு இந்தச் சான்றுகளில் குறைவாகவே பதிந்திருக்கிறது. பி.சுசீலா, எஸ்.ஜானகி, வாணி ஜெயராம் குரல்கள் அவர்களுக்கு என்னவாக இருந்தன என்பது இதே அளவுகோலில் அடங்காமல் போகலாம்.

சாவுக்குப் பின்னும் பாடும் குரல்

துக்கம் என்பது இறந்தவரிடமிருந்து மெல்ல விடுபடும் வேலை என்று ஃபிராய்டு 1917-இல் எழுதினார். 1996-இல் டென்னிஸ் கிளாஸும் உடன் ஆய்வாளர்களும் அதை மறுத்து, இறந்தவரோடு உறவு தொடர்வது இயல்பே என்றார்கள். திதியும் படையலும் உள்ள ஊருக்கு இது புதுச் செய்தி இல்லை. பாடகர் விஷயத்தில் தொடர்ச்சிக்குப் படையல்கூட வேண்டாம், பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. 2021-இல் பத்ம விபூஷண், 2025-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அவர் பெயரில் ஒரு சாலை. இவை அரசு செய்த நினைவேந்தல்கள். ஊர்களில் செப்டம்பர் 25 வந்தால் கைப்பேசி நிலைப்படம் மாறுகிறது.

செயற்கை நுண்ணறிவு இங்கேதான் புதுச் சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. 2023-இல் வந்த ஒரு தெலுங்குப் படத்தில் தன் தந்தையின் குரலை அனுமதியின்றி உருவாக்கியதாக எஸ்.பி.பி.சரண் சட்ட அறிவிப்பு அனுப்பினார். 2024-இல் ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரின் சம்மதத்தோடும் ஊதியத்தோடும், மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களை 'லால் சலாம்' படத்தில் மீட்டார். அதே ஆண்டு 'வேட்டையன்' படத்தில் மலேசியா வாசுதேவன் குரல் கேட்டது. மகிழ்ந்தவர்கள் உண்டு, மனம் ஒப்பாதவர்களும் உண்டு. பழைய பாட்டைத் திரும்பக் கேட்பதும், அவர் பாடாத பாட்டை அவர் பாடக் கேட்பதும் துக்கத்துக்கு ஒன்றா? குடும்பத்தின் சம்மதம் சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். கேட்பவரின் சம்மதத்தை யார் கேட்பது என்பதற்கு எந்தக் கோட்பாட்டிலும் இன்னும் விடை இல்லை.

முடிவாகாத விஷயங்கள்

பின்னணிப் பாடகி ஸ்வர்ணலதாவின் நிலை எல்லா விளக்கங்களையும் சோதிக்கிறது. அவர் 2010 செப்டம்பர் 12-இல், 37 வயதில் இறந்தார். அவர் மீதான பற்று ஆண்டுக்கு ஆண்டு கூடியிருக்கிறது. அவர் இறந்த பிறகு பாட்டு கேட்கத் தொடங்கிய வயதினரும் அவருக்காக வருந்துகிறார்கள். அவர்களிடம் பகிர்ந்த காலமும் இல்லை, கேசட்டும் இல்லை, தேங்கிய துக்கம் என்று சொல்லவும் வழியில்லை. நான் மேலே சாய்ந்து நின்ற விளக்கமும் இவர்களிடம் வந்தால் திணறும். காதில் கருவி மாட்டித் தனியாகக் கேட்கும் தலைமுறை ஒரு பாடகருக்காக ஊராகச் சேர்ந்து அழுமா, அல்லது துக்கமும் தனித்தனிச் செவிக்குள் முடங்குமா என்பதும் இப்போதைக்குத் தீர்மானிக்க இயலாதது.

சான்றுகளின் நிலையும் திருப்தியாக இல்லை. இந்தக் கட்டுரையில் வந்த கள ஆய்வுகள் சென்னையிலும் மதுரையிலும் தென்னார்க்காட்டிலும் நடந்தவை. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் கச்சேரிக் குழுக்கள் எந்தெந்தத் திருவிழாவில் எதைப் பாடின, எந்தப் பாட்டுக்கு மறுபடி கேட்டுச் சீட்டு வந்தது, ரெக்கார்டிங் சென்டருக்கு வந்த பட்டியல்களில் எந்தக் குரல் எத்தனை முறை இருந்தது என்பவை அந்தக் கலைஞர்களின் குறிப்பேட்டிலும் கடைக்காரர்களின் நினைவிலும்தான் இருக்கும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் போய்க் கேட்டு எழுதி வைத்தால், இங்கே ஊகமாகச் சொன்னவற்றில் எது நிற்கும், எது விழும் என்று தெரியவரும்.